குழாய்க்கு மஞ்சள் தண்ணீர்

1

இந்த ஊருக்கு வந்த ஐந்தாவது தீபாவளியன்று எங்கள் வீட்டுக் கூரையைச் சுத்தம் செய்துவிட்டுப் போனார்கள். அடைத்துக்கொண்டிருந்தது குளியலறை.

மதுரையில் இதைப் படிக்கிறவர்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் நவம்பர் மாதக் குளிரிலும் என் மனைவி செல்வி எண்ணெய்க் குளியலை விடுவதில்லை. மதுரையிலிருந்து மாமியார் அனுப்பிய நல்லெண்ணெய், அரைத்த சீயக்காய்த் தூள், அதில் கொஞ்சம் வெந்தயம். முதலில் நாலரை வயது மகள் கவிதா, பிறகு செல்வி, கடைசியில் நான். என் முறை வந்தபோது தொட்டியில் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. எண்ணெய் மிதந்தது. கீழே சீயக்காய் சேறுபோலப் படிந்திருந்தது. தண்ணீர் போகிறதா இல்லையா என்று உற்றுப் பார்த்தால்தான் தெரியும், அவ்வளவு மெதுவாக இறங்கியது.

நாங்கள் இருப்பது மாடி. கீழே வீட்டுக்காரம்மா மிஸஸ் ஹார்டி. அறுபது தாண்டியவர், தனியாக இருப்பவர். ரிப்பேர் வேலைக்கு அவர் வழக்கமாகக் கூப்பிடும் ஆட்களின் எண்ணைக் கொடுத்து, நீங்களே பேசிவிடுங்கள் என்றார். கூடத்துத் தொலைபேசியில் நின்று, பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தைத் தைரியமாக எடுத்துவிட்டேன்.

"எங்கள் கட்டர் அடைத்துக்கொண்டது. உடனே ஆள் வேண்டும்."

நம் ஊரில் கட்டர் என்றால் என்ன? தெருவோரம் ஓடும் சாக்கடை. இந்த ஊரில் கட்டர் என்றால் கூரை விளிம்பில் மழைத் தண்ணீருக்காக மாட்டியிருக்கும் தகரம். அன்று பிற்பகல் ஒருவர் ஏணியோடு வந்தார். ஒரு வார்த்தை கேட்காமல் ஏறினார். இலையுதிர் காலத்துச் சருகையெல்லாம் அள்ளி ஒரு சாக்கில் கட்டினார். இறங்கி வந்து, "இப்போது நன்றாக இருக்கிறது" என்று கையெழுத்து வாங்கினார். நான் புதுச் சட்டையோடு, தலையில் எண்ணெயோடு, கையெழுத்துப் போட்டேன்.

மறுபடி தொலைபேசியில் கூப்பிட்டால், "அந்த வேலை முடிந்ததாகக் கையெழுத்து இருக்கிறதே" என்றார் அலுவலகப் பெண். "புது வேலை என்றால் புதுத் தாள் எழுதவேண்டும். யார் வேண்டும் என்று சரியாகச் சொல்லுங்கள்."

"பிளம்பர்" என்றேன்.

பக்கத்தில் நின்ற கவிதா என் சட்டையை இழுத்தாள். "அப்பா, அதுல பி-யைச் சொல்லக் கூடாது. பிளம்மர்."

அந்த வார்த்தைக்கு உரியவர் ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

என் அண்ணன் சோலை. என்னைவிட ஏழு வயது மூத்தவர். விளாங்குடியில் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனதும் ஐந்தாம் வகுப்போடு அண்ணன் பையை ஆணியில் மாட்டிவிட்டு மண்வெட்டியை எடுத்தார். எங்கள் குடும்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய முதல் ஆள் நான், கல்லூரிப் படியேறிய முதல் ஆளும் நான். அந்தப் படிகளுக்குக் கீழே அவர் நின்றார். இதை நான் பெருமையாகச் சொல்கிறேன். ஆனால் பெருமையாகச் சொல்லத் தெரிவதற்கு எனக்கு நிறைய நாள் ஆயிற்று.

எழுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல் ரோட்டுப் பக்கம் வயல்களெல்லாம் மனைகளாயின. எங்கள் வயலும் போனது. மனைகளில் வீடுகள் எழும்பத் தொடங்கியதும் அண்ணன் ஒரு பைப் மேஸ்திரியிடம் சேர்ந்து, இரண்டே வருடத்தில் தனியாக வேலை எடுத்தார். அதுவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குள் தண்ணீர் கொண்டுவருகிற ஆளுக்கு மரியாதை இருந்தது. மோட்டார் போட்டு முதல் தண்ணீர் விழும்போது தேங்காய் உடைத்தார்கள், மேஸ்திரிக்குத் துண்டு போர்த்தினார்கள்.

ஆனால் வீடுகள் கட்டி நாலு வருடத்தில் அடைக்க ஆரம்பித்தன. பைப் மேஸ்திரிகள் அந்தப் பக்கம் திரும்ப மாட்டார்கள். மாட்டுகிறவன் வேறு, அடைப்பெடுக்கிறவன் வேறு என்பது ஊர் வழக்கம். அடைப்பெடுக்க வருகிறவர்களைக் கொல்லைப் பக்கமாகத்தான் உள்ளே விடுவார்கள். அண்ணன் அந்த வழக்கத்தை மதிக்கவில்லை. தான் போட்ட குழாய் அடைத்தால் தானே போய்க் கம்பி விட்டார், கையும் விட்டார்.

எங்கள் பெரிய மாமா வீட்டுக்கே வந்து கத்தினார். "வெள்ளாமை பாக்குற சம்சாரி வீட்டுப் பய சாக்கடைக்குள்ள கைய விடுறானே! நாளைக்கு எவன்டா நம்ம வீட்டுல பொண்ணு எடுப்பான்?"

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. "மாமா, தண்ணி வார குழாயத் தொட்டா மேஸ்திரி, தண்ணி போற குழாயத் தொட்டா ஈனப்பயலா? உள்ள வந்த தண்ணி வெளிய போகாட்டி வீடு எம்புட்டு நாளைக்கு நிக்கும்? ஒரு நாளைக்கு நீங்க அடக்கிக்கிட்டு இருந்து பாருங்க, தெரியும்."

மாமா மூன்று மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு அவர் வீட்டிலேயே அடைத்துக்கொண்டது, வந்தார்.

கல்லூரி விடுமுறையில் ஒரு நாள் அண்ணன் என்னையும் வேலைக்கு இழுத்துப்போனார். ஒரு ஹெட்மாஸ்டர் வீடு. கழிவுத் தண்ணீர் சரியாக இறங்கவில்லை, எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. வரைபடத்தில் குழாய் கிழக்கே போவதாக இருந்தது. அண்ணன் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "இது எங்க வயலு சார். இங்கிட்டு மடை தொறந்தா தண்ணி மேக்கதான் ஓடும். தாளுக்காகத் தண்ணி திரும்பாது" என்றார். பிறகு சமையலறையில் மஞ்சள் தூள் கேட்டார். ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துக் கழிவுத் துளையில் ஊற்றிவிட்டு, என்னைத் தெருக்கோடியில் மேற்கே இருந்த சாக்கடைத் தொட்டியருகே நிறுத்தினார்.

பக்கத்து வீட்டுப் பெண்கள் சுவரில் சாய்ந்து கேலி செய்தார்கள். "என்ன சோலையண்ணே, குழாய்க்கு மஞ்சத்தண்ணி ஊத்துறீக? உள்ள மாமன் மக யாரும் இருக்காளா?"

"இருக்கா, இருக்கா. வெளிய வரட்டும், தாலி கட்டிருவோம்" என்றார் அண்ணன்.

கொஞ்ச நேரத்தில் மேற்குத் தொட்டியில் இளமஞ்சளாக ஒரு கோடு வந்தது. "மஞ்சள் வந்துருச்சுண்ணே!" என்று நான் போட்ட கூச்சலுக்குத் தெருவே சிரித்தது. எங்கே அடைத்திருக்கிறது என்று அதற்குப் பிறகு அவர் கண்டுபிடித்ததற்கு நான் வெறும் சாட்சி. அன்று எனக்கு வெட்கமே இல்லை. வெட்கம் பிறகு படிப்போடு வந்தது.

3

வெளிநாட்டில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்ததும் எனக்குப் பெண் பார்த்தார்கள். செல்வியின் அப்பா மதுரை டவுனில் ஆசிரியர். அவர்கள் வீட்டில் புத்தக அலமாரியும் இருந்தது, ரேடியோவுக்கு உறையும் இருந்தது. "அண்ணன் என்ன செய்யறாரு?" என்று அவர் கேட்டார்.

"கான்ட்ராக்டர்" என்றேன்.

பொய் என்று சொல்ல முடியாது. உண்மை என்றும் சொல்ல முடியாது. அண்ணன் பக்கத்தில்தான் இருந்தார். காபியைக் குடித்தார்.

கல்யாணத்தன்று முதல் பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில் தண்ணீர் தேங்கிவிட்டது. இலை நறுக்கும் சோறும் ரசமும் கலந்து வராந்தாவுக்கு ஏறியது. பட்டுப்புடவைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெண்கள் முகம் சுளித்தார்கள். அண்ணன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். சட்டைக் கையை ஏற்றினார். குனிந்து இரும்புச் சல்லடையில் விரலை வைத்தார்.

நான் மணமேடையிலிருந்து மாலையோடு ஓடிவந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். "அண்ணே, இன்னைக்கு மட்டும் வேணாம்ணே. பாத்துக்கிட்டு இருக்காங்க."

"யாரு?"

"பொண்ணு வீட்டுக்காரங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். நிமிர்ந்தார். மடித்த வேட்டியை அவிழ்த்துவிட்டார்.

"சரிங்க மாப்பிள்ளை" என்றார்.

மாப்பிள்ளை என்றது கல்யாண நாள் கேலி என்று வைத்துக்கொள்ளலாம். அந்த 'ங்க' கேலியல்ல. பிறந்ததிலிருந்து அவர் வாயில் நான் 'டா'தான். டேய், வாடா, தின்னுடா, படிடா. பரீட்சை எழுதப் போகும்போது "ஒழுங்கா எழுதுடா, இல்ல தொலைச்சுப்புடுவேன்" என்பதுதான் எனக்கு ஆசீர்வாதம்.

சைக்கிளில் ஆள் விட்டு, அவரோடு வேலை செய்யும் முத்துவைக் கூட்டிவந்தார்கள். வருவதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. முத்து வந்ததும் அண்ணனைப் பார்த்துத் திகைத்தார். "ஏ மாப்ள, நீ இங்க நிக்கயில என்னய எதுக்குய்யா கூப்புட்ட? ரெண்டு நிமிச வேலை!"

"நான் இன்னைக்குக் கான்ட்ராக்டர்டா. எடு" என்றார் அண்ணன்.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றபடியே அவர் சொல்லச் சொல்ல முத்து வேலை செய்தார். "இன்னும் ஒரு சாண் உள்ள. இடது பக்கம் திருப்பு. இழுக்காத, ஆட்டு." பார்க்காமலே சொன்னார். தண்ணீர் கடகடவென்று இறங்கியது. யாரோ, "பெரியவரு நல்லா வேலை வாங்குறாரு" என்றார்கள்.

மூன்று மாதம் கழித்து ரயிலடியில் என் பெட்டியை ஏற்றிவிட்டு, "போயிட்டு வாங்க" என்றார். அதற்குப் பிறகு வந்த கடிதங்களெல்லாம் "அன்புள்ள தம்பி அவர்களுக்கு" என்று தொடங்கின. தாங்கள் நலமா, தங்கள் கடிதம் கிடைத்தது, தங்கள் மகள் நன்றாகப் படிக்கிறாளா. கோபமாக ஒரு வரி இல்லை. எங்களைத் தெரியாத ஒருவர் அந்தக் கடிதங்களைப் படித்தால் எவ்வளவு மரியாதையான அண்ணன் என்று மெச்சுவார். ஐந்து வருடமாக ஒவ்வொரு கடிதத்தையும் பிரிக்கும்போது முதலில் நான் வினைச்சொல்லின் வாலைத்தான் பார்ப்பேன்.

4

தீபாவளிக்கு மறுநாள் சரியான ஆள் வந்தார். பெயர் ஃப்ரெட். நடுவயது, சிவந்த கழுத்து. வேன் பக்கவாட்டில் அவர் அப்பா பெயரும் அதை அடுத்து 'அண்ட் சன்' என்றும் பெரிய எழுத்தில் இருந்தது.

"அந்த சன் நான்தான்" என்றார். "அப்பா போய்ப் பத்து வருடம். எழுத்தை அழிக்க மனம் வரவில்லை."

சாக்கடை சுத்தம் செய்கிறவர் முன்வாசல் வழியாகத்தான் வந்தார். மிஸஸ் ஹார்டி அவரைப் பெயர் சொல்லி நலம் விசாரித்தார். நான் பழக்கத்தில் "சார்" என்றேன். "சார் எல்லாம் வேண்டாம்" என்று சிரித்தார். இதே கைகளோடு இதே வேலைக்கு வந்த ஒருவரை நான் எப்படி நடத்தினேன் என்று அங்கேயே நெஞ்சில் குத்தியது.

ஃப்ரெட் கொல்லையில் இருந்த இரண்டு இரும்பு மூடிகளைத் திறந்து கம்பிகளை ஒன்றோடொன்று திருகி உள்ளே விட்டார். இரண்டிலும் தடையே இல்லை. மேல் குளியலறைக் குழாய் எங்கே போகிறது என்று கேட்டார். மிஸஸ் ஹார்டிக்குத் தெரியவில்லை. வீட்டை இரண்டாகப் பிரித்தது அவர் கணவர் காலத்தில், தாள் எதுவும் இல்லை.

"அப்படியானால் தரையைத் தோண்டித்தான் பார்க்கவேண்டும்" என்றார் ஃப்ரெட். மிஸஸ் ஹார்டியின் முகம் தன் ரோஜாச் செடிகள் பக்கம் திரும்பியது. பிறகு எங்கள் பக்கம் திரும்பியது.

"கொஞ்சம் பொறுங்கள்" என்றேன்.

மாடிக்கு ஓடி, செல்வியிடம் மஞ்சள் தூள் டப்பாவைக் கேட்டேன். "தீபாவளி நேத்தே முடிஞ்சுருச்சுங்க" என்றாள். வெந்நீரில் முழு டப்பாவையும் கரைத்துத் தொட்டியில் ஊற்றினேன். தண்ணீர் மெல்லத்தானே இறங்குகிறது, இருந்தாலும் இறங்குகிறதே. எங்காவது வந்துதானே ஆகவேண்டும். கவிதாவை ஒரு மூடியருகே நிறுத்தினேன், ஃப்ரெட்டை இன்னொன்றில். நான் வீட்டைச் சுற்றி நடந்தேன்.

கால் மணி நேரம் எதுவும் இல்லை. பக்கச் சந்தில் பூந்தொட்டிகளுக்கு அடியில் ஈரமாக இருந்த செங்கல் இடுக்கு முதலில் கண்ணில் பட்டது. தொட்டுப் பார்த்தேன். விரல் மஞ்சளாயிற்று.

"மஞ்சள் வந்துருச்சு!" என்று தமிழில்தான் கத்தினேன்.

பூந்தொட்டிகளை நகர்த்தினால் கீழே ஒரு மூன்றாவது மூடி. யாருக்கும் தெரியாமல் இருபது வருடம் கிடந்திருக்கிறது. அங்கிருந்து ஃப்ரெட் கம்பி விட்டார். பழுப்பும் பச்சையுமாக, தலைமுடி சுற்றிய கட்டி கட்டியாக, எங்கள் ஐந்து வருட எண்ணெய்க் குளியல் வெளியே வந்தது.

"இது என்ன, மண்ணா?" என்று முகர்ந்து பார்த்தார் ஃப்ரெட்.

"சோப்பு" என்றாள் செல்வி, சங்கடமாக.

"இதைத் தலையில் தேய்ப்பீர்களா?" மிஸஸ் ஹார்டி செல்வியின் இடுப்புவரை தொங்கிய பின்னலைப் பார்த்தார். "முடி அருமையாகத்தான் இருக்கிறது. நானும் கொஞ்சம் தேய்த்துப் பார்க்கலாமா?"

ஃப்ரெட் கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார். "நாங்களும் சாயம் போட்டுத்தான் பார்ப்போம். இன்று வண்டியில் தீர்ந்துவிட்டது. சமையலறையிலேயே சாயம் இருக்கிறதென்று உங்களுக்கு யார் சொன்னது?"

"என் அண்ணன்" என்றேன். "அவர் பிளம்பர். எங்கள் ஊரில் பாதி வீட்டுக்கு அவர்தான் குழாய் போட்டார். அடைத்தாலும் அவர்தான் எடுப்பார்."

"பிளம்மர், அப்பா" என்றாள் கவிதா.

"உன் பெரியப்பா பிளம்பர்தான். அந்த 'ப'வை விட்டால் விளாங்குடியில் எவனுக்கும் புரியாது" என்றேன்.

ஃப்ரெட் கையை நீட்டினார். தொழில் தெரிந்த ஒருவர் இன்னொரு தொழில்காரரின் வீட்டாருக்குக் கொடுக்கிற கை அது. எனக்குக் கிடைத்த பட்டங்களுக்காக யாரும் அப்படி அழுத்திக் கை கொடுத்ததில்லை.

அவர் தேநீர் குடித்து, முறுக்கும் தின்றுவிட்டுப் போனபின் செல்வி சொன்னாள்: "கல்யாணத்தன்னிக்கே எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"பெரியத்தான் வேட்டிய மடிச்சுக் கட்டுனதும் தெரியும். நீங்க கையப் பிடிச்சதும் தெரியும். பொண்ணு ரூமு ஜன்னலு நேர் எதிரேதானே இருந்துச்சு. எங்கப்பாவுக்கும் தெரியும். அந்த முத்துவ உக்காரவச்சுச் சோறு போட்டது அவருதான். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாரு. 'இந்தத் தம்பிக்கு அவுக அண்ணன் அருமை தெரியல, தெரியும்போது தெரியட்டும்'னாரு."

"அஞ்சு வருசமா ஏன்டி சொல்லல?"

"நீங்களா சொல்லணும்ல?"

5

அன்றே அண்ணனுக்கு எழுதினேன். மன்னிப்புக் கேட்டு இரண்டு பக்கம் எழுதி, படித்துப் பார்த்துக் கிழித்துப் போட்டேன். காலேஜ் தமிழில் மன்னிப்புக் கேட்டால் அவருக்கு இன்னும் ஒரு 'தாங்கள்' கூடிவிடும். நடந்ததை மட்டும் எழுதினேன். வீட்டைப் படம் வரைந்து, குழாய் போகும் வழியைக் கோடு போட்டு, அடைத்த இடத்தில் புள்ளி வைத்தேன். ஏன் அங்கே அடைத்தது என்று கேட்டேன். கடைசியில், "இங்கே எல்லாரிடமும் என் அண்ணன் பிளம்பர் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது" என்று ஒரு வரி.

பதில் வர ஒரு மாதம் ஆயிற்று. நீல நிற விமானத் தபால் கடிதம். ஐந்தாம் வகுப்புக் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் செங்கல் அடுக்கியதுபோல.

"அன்புள்ள தம்பி அவர்களுக்கு, இங்கு அனைவரும் நலம். தாங்களும், தங்கள் மனைவியும், குழந்தையும் நலம் என்று அறிந்தேன். என் தொழிலை அங்கு சொன்னதாக எழுதியதையும் அறிந்தேன்."

அவ்வளவுதான். அடுத்த வரிக்குப் போய்விட்டார். பிறகு மேலே படித்தேன்.

"தாங்கள் அனுப்பிய படம் பார்த்தேன். அதில் குழாய் இரண்டு இடத்தில் நேர் மூலையாகத் திரும்புகிறது. உண்மையிலேயே அப்படியா, இல்லை தங்களுக்கு வரையத் தெரியவில்லையா. அப்படி மூலை வைத்தால் சீயக்காய் உட்காராமல் என்ன செய்யும். குழாயைச் சாய்வாகத் திருப்பணும். இதை மாட்டினவன் எவன்டா. அவனை முதலில் கூப்பிட்டுக் கேளு. நீ படிச்சவன்தானேடா, நல்லெண்ணெயும் சீயக்காயும் சேர்ந்து குளிரில் கிடந்தால் களிமண் ஆகும்னு உனக்குத் தெரியாதா. தூளைத் துணியில் சலிக்கச் சொல்லு. கரைச்சு வடிகட்டித் தேய்க்கச் சொல்லு. அந்த வெள்ளக்காரர் கம்பி எம்புட்டு நீளம், திருகுற மாதிரியா கொக்கி மாதிரியா, கேட்டு எழுது. குளிச்சு முடிச்சதும் ஒரு அண்டா வெந்நிய ஒரே மூச்சா ஊத்து. மொண்டு மொண்டு ஊத்தாத. ஏன் எதுக்குன்னு கேக்காமச் செய்யிடா."

கையெழுத்துப் போட இடமில்லாமல், ஓரத்தில் திருப்பி 'சோலை' என்று மட்டும் இருந்தது.

நான் எழுந்து போய், வீட்டில் இருப்பதிலேயே பெரிய பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தேன்.

"எதுக்குங்க? அடைப்புதான் போயி ஒரு மாசமாச்சே?" என்றாள் செல்வி.

"அண்ணன் சொல்லியிருக்காரு" என்றேன்.

தண்ணீர் கொதித்ததும் துணி பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய், குளியல் தொட்டியில் ஒரே மூச்சாக ஊற்றினேன்.